கவுன்சிலிங் வரைக்கும் பொறுக்கலாமா, இப்பவே சீட்டை வாங்கிடலாமா? தங்கச்சி படிப்புச் செலவுக்கு வழி சொல்லுங்க

தறிவீட்டுப்பையன் | 11 மே 2025, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கமுங்க. பள்ளிபாளையம் பக்கம் எங்க ஊரு. அப்பா கூலிக்குத் தறி ஓட்டறாரு, அம்மா தார் சுத்தறாங்க. நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சுட்டு பெருந்துறை சிப்காட்ல வேலைக்குப் போறேன். வியாழக்கிழமை தங்கச்சிக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு. கட்-ஆஃப் 171.5. இன்ஜினியரிங்ல எலக்ட்ரானிக்ஸ் படிக்கணும்கிறது அவளோட ஆசை.

நேத்து சாயங்காலம் ஒருத்தர் வீடு தேடி வந்தாரு. ஒரு தனியார் காலேஜ் பேரைச் சொல்லி, "வருஷம் 1,20,000. உங்க புள்ளை மார்க்குக்கு 25,000 ஸ்காலர்ஷிப் போட்டுத் தர்றோம். இப்பவே 10,000 அட்வான்ஸும் ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி.யும் குடுத்துட்டா சீட் உறுதி. கவுன்சிலிங் வரைக்கும் இருந்தீங்கன்னா நல்ல பிராஞ்ச் எல்லாம் போயிரும்"னு சொல்றாரு. அப்பா பயந்துட்டாரு. அம்மாவோட கம்மலை வெச்சு அட்வான்ஸ் கட்டிரலாம்கிறாரு. நாளன்னைக்கு அந்தாளு திரும்ப வருவாரு.

எங்க வீட்ல யாரும் டிகிரி படிச்சதில்லீங்க. லோன், ஸ்காலர்ஷிப்புன்னு நிறைய இருக்குங்கறாங்க. எதை முதல்ல பாக்கறது, எங்க கேக்கறதுன்னு ஒண்ணும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கட்டணக்கவுன்ட்டர் | 11 மே 2025, இரவு 10.52

தம்பி, முதலில் ஒன்று. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். சீட் கொடுக்கும் முன்பே கேட்கிறார் என்றால் நீங்கள் வேறு இடம் போகாமல் இருக்கத்தான் கேட்கிறார்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இதே கதையோடு பெற்றோர் என் கவுன்ட்டரில் வந்து நிற்கிறார்கள். அவர் சொல்வது மேனேஜ்மென்ட் சீட். கவுன்சிலிங் வழியாக அதே மாதிரி கல்லூரிக்கு வந்தால், 2017ல் அரசு திருத்தி வைத்த கணக்குப்படி, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு டியூஷன் கட்டணம் 55,000. அங்கீகாரம் இல்லாத பிரிவுக்கு 50,000. வீட்டில் யாரும் டிகிரி படிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. அதில் வருடம் 25,000 கழியும். ஆக நீங்கள் கட்ட வேண்டிய டியூஷன் 30,000.

அவர் "ஸ்காலர்ஷிப்" கழித்த பிறகும் 95,000 கேட்கிறார்! அது மட்டுமல்ல. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்த அன்றே முதல் பட்டதாரி சலுகை போய்விடும். வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டமும் மெரிட்டில் வந்த பிள்ளைகளுக்குத்தான். எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பின்னால் எந்த உதவி கிடைக்கும் என்பது முடிவாகிறது. இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

---

கணக்கு_டீச்சர் | 11 மே 2025, இரவு 11.15

பாப்பா ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் டியூஷன், விடுதி, கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

---

தறிவீட்டுப்பையன் | 12 மே 2025, காலை 6.05

நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் பாத்தேன். ரொம்ப நன்றிங்க. ஒரிஜினலை பீரோவுல வெச்சுப் பூட்டியாச்சு.

டீச்சரம்மா, ஆறு, ஏழு, எட்டு மூணு வருஷமும் பக்கத்துல ஒரு மெட்ரிக்ல படிச்சா. அப்போ தறி நல்லா ஓடுச்சு. அப்புறம் கட்ட முடியாம ஒன்பதாவதுல கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தோம்.

---

கணக்கு_டீச்சர் | 12 மே 2025, காலை 7.30

அந்த மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் படித்தாளா? எட்டு வரை அப்படிப் படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் 7.5க்குத் தகுதியானவர்கள்தான். இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எதற்கும் பழைய ரசீதைப் பாருங்கள்.

---

தறிவீட்டுப்பையன் | 12 மே 2025, காலை 7.48

இல்லீங்க. பீஸ் கட்டித்தான் படிச்சா. ரசீது எல்லாம் அம்மா மடிச்சு வெச்சிருக்காங்க.

---

கணக்கு_டீச்சர் | 12 மே 2025, காலை 8.02

அப்படியானால் 7.5, புதுமைப் பெண் இரண்டும் இல்லை. மூன்று வருடம் கஷ்டப்பட்டுக் கட்டிய பணம் இப்போது இப்படிக் குறுக்கே நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. விதி அப்படி. முதல் பட்டதாரி சான்றிதழைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு எங்கே படித்தோம் என்பதும் வருமானமும் சாதியும் கணக்கில்லை.

---

இசேவை_மேசை | 12 மே 2025, காலை 10.40

முதல் பட்டதாரிச் சான்று பத்தி நான் சொல்றேன், தினமும் இதே வேலைதான்.

இ-சேவை மையத்துல CAN எண் (சான்றிதழ் விண்ணப்பிக்க ஒவ்வொருத்தருக்கும் தர்ற பதிவு எண்) இருக்கான்னு பாப்பாங்க. "கேன் நம்பர்"னு கேளுங்க, இல்லேன்னா அங்கேயே போட்டுத் தருவாங்க. ரேஷன் கார்டு, ஆதார், பாப்பாவோட டி.சி., வீட்ல உள்ளவங்க என்ன படிச்சிருக்காங்கன்றதுக்கு ஆதாரம், உறுதிமொழிப் படிவம். கட்டணம் 60 ரூபா. விண்ணப்பம் வி.ஏ.ஓ.கிட்ட போகும், அவர்கிட்டேர்ந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), அங்கேர்ந்து மண்டலத் துணை வட்டாட்சியர். மூணு மேசை. வி.ஏ.ஓ.வை நேர்ல ஒரு தடவை பாத்துட்டு வாங்க. கிடப்புல கிடந்தா யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க.

குடும்பம்னா தாத்தா பாட்டி (ரெண்டு பக்கமும்), அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க. இவங்கள்ல யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாது. மாமா, சித்தப்பா படிச்சிருந்தா பரவாயில்ல.

கூடவே வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாத்தையும் இப்பவே போட்டுருங்க. ஜூன் வந்தா சர்வர் திணறும், மூணு நாள்ல வர்றது மூணு வாரம் ஆகும். இந்த வருஷம் கவுன்சிலிங் பதிவு ஜூன் 6 வரைக்கும்தான்.

---

தறிவீட்டுப்பையன் | 14 மே 2025, மாலை 6.30

அண்ணா, வி.ஏ.ஓ. ஆபீஸ்ல ஒருத்தர் "நீ டிப்ளமோ படிச்சிருக்கியே, அப்புறம் எப்படி உன் தங்கச்சி முதல் பட்டதாரி?"ன்னு திருப்பி அனுப்பிட்டாருங்க. அப்பாவுக்கு அங்கயே கண் கலங்கிருச்சு.

---

இசேவை_மேசை | 14 மே 2025, மாலை 6.44

டிப்ளமோ பட்டம் கிடையாது தம்பி. பட்டயம். பட்டப்படிப்பு முடிச்சவர்தான் பட்டதாரி. நாளைக்கே போய் உங்க டிப்ளமோ சான்றிதழைக் கையில வெச்சுக்கிட்டு, "இது பட்டயப்படிப்பு, இதோட எந்த டிகிரியும் நான் சேரல"ன்னு சொல்லுங்க. எழுதியும் குடுங்க. ஒத்துக்கலேன்னா துணை வட்டாட்சியரைப் பாருங்க. சண்டை போட வேண்டாம், ஆனா எழுந்து வந்துடாதீங்க.

---

2016பேட்ச் | 14 மே 2025, இரவு 9.10

இந்த இழையைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல.

2016ல எங்க வீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தர் வந்தார். கவுன்சிலிங்ல எனக்குக் கண்டிப்பா சீட் கிடைச்சிருக்கும். ஆனா அப்பா "உறுதி"ங்கற அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிட்டார். மேனேஜ்மென்ட் சீட். முதல் வருஷத்துக்கு மாட்டை வித்தோம். ரெண்டாவது வருஷம் பேங்க்ல போய்க் கேட்டா வீட்டுப் பத்திரம் வெச்சாத்தான் கடன்னுட்டாங்க. வெச்சோம். வட்டி மானியம்னு ஒண்ணு இருக்குன்னு படிப்பு முடிஞ்சப்புறம்தான் தெரியும், அதுவும் எனக்குக் கிடையாதுன்னுட்டாங்க. முதல் வேலையில மாசச் சம்பளம் 14,000. கடன் தவணை அதுல பாதிக்கு மேல. அப்பா சாகறப்போ அந்தப் பத்திரம் பேங்க்லதான் இருந்துச்சு.

அந்தாளு மறுபடி வந்தா வாசல்லயே நிறுத்தி அனுப்புங்க தம்பி. 171.5க்கு சீட் இல்லாமப் போகாது.

---

தறிவீட்டுப்பையன் | 14 மே 2025, இரவு 9.35

அண்ணா... இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. காலைல கம்மலை எடுத்து அம்மாகிட்ட குடுத்துட்டாரு.

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | 15 மே 2025, காலை 5.50

முப்பத்து மூன்று ஆண்டுகள் பொதுத்துறை வங்கியில் இருந்தேன். கடைசிப் பத்து வருடம் கிளை மேலாளர். கடன் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். முதலில் சலுகை, பிறகு உதவித்தொகை, அவை போக மீதிக்கு மட்டும் கடன். பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

நான்கு லட்சம் வரை உங்கள் பங்காக முன்பணம் ஒன்றும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து. ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. அந்தக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி 2015லிருந்து இருக்கிறது. கடன் வராமல் போனால் 75 சதவீதத்தை அந்த நிதி வங்கிக்குக் கொடுக்கும். மேலாளர் "ஜாமீன் யார்" என்று கேட்டால் இதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். டியூஷன் மட்டுமல்ல, பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை கட்டலாம்.

இனி, பெரும்பாலோர் தவறவிடுவது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலமும் அடுத்த ஒரு வருடமும் சேர்த்து முழு வட்டியையும் மத்திய அரசு கட்டுகிறது. 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கும் திட்டம். கல்லூரி நாக் (NAAC) அங்கீகாரமோ அந்தப் பாடப்பிரிவு என்.பி.ஏ. (NBA) அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். இரண்டும் தேசிய அளவிலான தரச்சான்று. கவுன்சிலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடம் 80,000 வீதம் நான்கு வருடம், மொத்தம் 3,20,000 கடன். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். இந்தக் காலத்தில் தனி வட்டிதான். முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதுக்கு நான்கு, மூன்றாவதுக்கு மூன்று, நான்காவதுக்கு இரண்டு. மொத்தம் 1,12,000. மானியம் இல்லாவிட்டால் உங்கள் தங்கை தவணை தொடங்கும் நாளில் 4,32,000 கடன்காரி. மானியம் வந்தால் 3,20,000தான். பத்து வருடத் தவணையில் இது மாதம் ஏறக்குறைய 5,700க்கும் 4,230க்கும் உள்ள வித்தியாசம்.

இந்த மானியம் தானாக வராது. வருமானச் சான்றைக் கிளையில் கொடுத்து, "வட்டி மானியத்துக்குப் பதிந்துவிட்டீர்களா" என்று கேட்டு, ஒவ்வொரு வருடமும் பாஸ்புக்கில் வட்டி வரவானதா என்று பார்க்க வேண்டும். கிளையில் வேலைப்பளுவில் விட்டுப்போவது உண்டு. நானே இரண்டு பிள்ளைகளுக்குத் தாமதமாகப் பதிந்து, பிறகு ஓடி ஓடிச் சரிசெய்திருக்கிறேன்.

---

2016பேட்ச் | 15 மே 2025, காலை 8.20

ஐயா, கோபமா சொல்றேன்னு நினைக்காதீங்க. நீங்க சொல்ற இத்தனையும் எங்க ஊர் கிளையில ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லலியே. "மேனேஜர் லீவு", "டார்கெட் முடிஞ்சது", "உங்க வீடு எங்க கிளை எல்லையில வராது". படிக்காத மனுஷன் பேங்க் கண்ணாடிக் கதவைத் தள்றதே பெரிய விஷயம். எங்களுக்குத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் சொல்றதில்ல?

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | 15 மே 2025, காலை 9.05

கேட்க வேண்டிய கேள்வி. கல்விக் கடன் நிறைய வாராக் கடனாகிறது, வாராக் கடன் மேலாளரின் பெயரில் நிற்கும். அதனால் சிறிய கல்விக் கடன் என்றாலே பலருக்குப் பயம். இது காரணம்தான், நியாயம் இல்லை. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததற்கு என் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் வருந்துகிறேன்.

எல்லைக் கணக்கு சொன்னது தவறு. கல்விக் கடனுக்கு அந்தக் கிளை எல்லை விதி பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே தெளிவுபடுத்திவிட்டது. கிளை மேலாளர் தன்னளவில் கல்விக் கடனை மறுக்கவும் முடியாது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆகவே வாய்வார்த்தையில் திரும்பி வராதீர்கள். பி.எம். வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பித்து எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் அந்தக் கேள்வியிலேயே கரைந்துவிடும்.

---

வைகைக்கரை | 15 மே 2025, இரவு 8.15

பி.எம். வித்யாலட்சுமின்னா 3 சதவீத வட்டி மானியம் தர்ற திட்டம்தானே சார்? அதுல எல்லா காலேஜும் வருமா?

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | 15 மே 2025, இரவு 8.40

வராது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும், தொடங்கியபோது 860. அங்கே சேர்ந்தவர்களுக்கு ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால் பழைய மாதிரித் திட்டமும் 4.5 லட்ச வருமான மானியமும்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

---

வைகைக்கரை | 15 மே 2025, இரவு 9.02

நன்றி சார். படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு. நான் எஸ்.சி. பிரிவு, ரெண்டாம் வருஷம். பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு. 2012ல வந்த அரசாணை 92னால சுயநிதிக் கல்லூரியிலயும் கவுன்சிலிங் சீட்டுக்கு டியூஷன் அரசே தருது. விண்ணப்பத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும். நான் முதல்ல முதல் பட்டதாரிக் கட்டத்தை மட்டும் டிக் பண்ணிட்டேன். உதவி மையத்துல சான்றிதழ் சரிபார்க்கிற மேடம்தான் "உனக்கு இது வேண்டாம்மா, அதைப் போடு"ன்னு மாத்தி விட்டாங்க. அவங்க சொல்லலேன்னா வருஷா வருஷம் மீதிக் காசுக்கு அலைஞ்சிருப்பேன்.

---

கமுதி_அம்மா | 16 மே 2025, மதியம் 1.10

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகன் அரசுப் பள்ளியில் படித்து இப்போது கல்லூரி முதல் வருடம். தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் கூடப் படிக்கும் எல்லாருக்கும் வருகிறது, அவனுக்கு ஒரு மாதம்கூட வரவில்லை. பேங்கில் கேட்டால் ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது என்கிறார்கள்.

---

இசேவை_மேசை | 16 மே 2025, மதியம் 1.32

அக்கா, லிங்க் வேற, சீடிங் வேற. பேங்க்ல ஆதார் நகல் குடுத்தா லிங்க் ஆகும். ஆனா அரசுப் பணம் வர்றது என்.பி.சி.ஐ. (பேங்குகளுக்கு நடுவுல பணம் அனுப்புற தேசிய நிறுவனம்) பதிவுல எந்தக் கணக்கு இருக்கோ அங்கதான். கடைசியா எந்தக் கணக்குல சீடிங் செஞ்சாங்களோ அதுக்குப் போகும். ஆதார் இணையதளத்துல தம்பி நம்பர் போட்டு ஓ.டி.பி. குடுத்தா எந்த பேங்க்னு காட்டும். ஸ்கூல்ல படிக்கிறப்போ திறந்த பழைய கணக்கு ஏதாவது இருக்கான்னு யோசிங்க.

---

கமுதி_அம்மா | 17 மே 2025, காலை 11.20

இருந்தது தம்பி. ஏழாவதில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கு. மறந்தே போயிருந்தோம். பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டு வந்தால் ஒன்பது மாதப் பணமும் அதில்தான் இருக்கிறது! நல்லா இருப்பீங்க.

---

கணக்கு_டீச்சர் | 17 மே 2025, இரவு 9.00

தறிவீட்டுத் தம்பிக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லாரும் கடனை எப்படி வாங்குவது என்றே பேசுகிறோம். வாங்காமல் முடியுமா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து சித்தோடு எவ்வளவு தூரம்? அங்கே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேலத்திலும் கோவையிலும் இருக்கின்றன. அரசுக் கல்லூரியின் கட்டணத்தைச் சுயநிதியோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு குறைவு. விருப்பப் பட்டியலில் முதலில் இவற்றைப் போடச் சொல்லுங்கள், பிரிவு சிவிலோ மெக்கானிக்கலோ எதுவானாலும். அதுவும் வேண்டாமென்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி. கடனில்லாமல் படித்து ஆசிரியரானவள் நான்.

---

2016பேட்ச் | 17 மே 2025, இரவு 9.25

டீச்சர் சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன். அரசுக் கல்லூரி முதல்ல, சந்தேகமே இல்ல. ஆனா பிடிக்காத பிரிவுல பணத்துக்காகச் சேர்ந்து அரியர் வெச்சு நிக்கிற பசங்களை நிறையப் பாத்துட்டேன். அதுவும் கடன்தான். ஏழை வீட்டுப் புள்ளைன்னா கிடைச்சதைப் படிக்கணும்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது.

---

கணக்கு_டீச்சர் | 17 மே 2025, இரவு 9.50

கிடைச்சதைப் படி என்று சொல்லவில்லை தம்பி. இருபத்தோரு வயதுப் பெண் நான்கு லட்சம் கடனோடு வெளியே வந்தால், முதல் வேலை எதுவானாலும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதாகிறது. கல்யாணப் பேச்சில் அந்தக் கடனை எடுத்துப் பேசுகிறார்கள். என் மாணவிகள் இரண்டு பேருக்கு நடந்தது. அதனால்தான் பயப்படுகிறேன். முடிவை அந்தப் பெண்ணே எடுக்கட்டும், இரண்டு பக்கக் கணக்கையும் அவள் கையில் கொடுத்துவிட்டு.

---

தறிவீட்டுப்பையன் | 18 மே 2025, காலை 7.15

தங்கச்சியையே படிக்க வெச்சேன் டீச்சரம்மா, எல்லாரும் எழுதினதையும். ஒரு நோட்ல கணக்குப் போட்டா. "சித்தோட்ல எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சா அதுதான் முதல். ட்ரிபிள் ஈ. (எலக்ட்ரிக்கல்) கிடைச்சாலும் சரி. சிவில்னா வேண்டாம், அப்போ லோன் போட்டு வெளிய படிக்கறேன், நானே கட்டறேன்"னு சொல்லிட்டா. பதினேழு வயசுப் புள்ளை. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

முதல் பட்டதாரி வந்துருச்சுங்க! டிப்ளமோ சான்றிதழோட போய் எழுதிக் குடுத்தேன், துணை வட்டாட்சியர் ஆபீஸ்ல சரின்னுட்டாங்க.

---

தறிவீட்டுப்பையன் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன். சித்தோட்ல அவ கேட்டது முடிஞ்சு போச்சு. ஈரோட்டுக்கு வெளிய ஒரு சுயநிதிக் கல்லூரியில எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சிருக்கு, என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கற பிரிவு. டியூஷன் 55,000ல 25,000 கழிச்சு 30,000. அந்த புரோக்கர் சொன்ன காலேஜை விட இது நல்ல காலேஜுங்க.

பஸ், தேர்வுக் கட்டணம், புக்கு, லேப்டாப்பு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 80,000 வருது. லோனுக்குத் தளத்துல போட்டுட்டு பேங்க்குக்குப் போனேன். மேனேஜர் அப்பாவோட சிபில் (பழைய கடனை ஒழுங்கா கட்டினாங்களான்னு காட்டற மதிப்பெண்) பாத்துட்டு முடியாதுன்னுட்டாரு. அம்மா பேர்ல எடுத்த குழுக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாரு, கொரோனா சமயத்துல மூணு தவணை விட்டுப்போச்சு. 11,400 பாக்கி நிக்குதாம்.

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | 4 ஆகஸ்ட் 2025, காலை 5.40

இரண்டு வேலை. ஒன்று, அந்த 11,400ஐக் கட்டிவிட்டுப் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். விண்ணப்பத்தோடு இணையுங்கள். எப்படியும் கட்ட வேண்டிய பணம், உங்கள் அப்பாவுக்கும் நல்லது.

இரண்டு, அதைக் காரணமாக்கி மறுப்பதை ஏற்காதீர்கள். மாணவரின் எதிர்கால வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் கடன் இது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் மாநிலக் கிளையை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் மண்டல அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடலாம்.

கடிதம் இப்படி இருக்கட்டும்: விண்ணப்ப எண், தேதி, கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி கொடுத்த கட்டண விவரம், "மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருமாறும், மேலதிகாரியின் பரிசீலனைக்கு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன்". கிளையில் ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், பதில் திருப்தியில்லையென்றாலும்கூட, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

---

கட்டணக்கவுன்ட்டர் | 4 ஆகஸ்ட் 2025, காலை 10.10

கடன் வரத் தாமதமானால் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணைக் காட்டி எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் அவகாசம் தருவார்கள். போனஃபைடும் (இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்ற சான்று) நான்கு வருடத்துக்கான கட்டண விவரமும் ஒரே தாளில் வாங்குங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் வாங்கினால் ஒவ்வொரு வருடமும் புதிதாக அலைச்சல்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஏ.ஐ.சி.டி.இ.யின் (தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் குழு) பிரகதி என்று பெண்களுக்கு ஒரு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வருடம் 50,000. முதல் வருடத்தில்தான் விண்ணப்பிக்க முடியும் (டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் வருடம் சேர்ந்தால் அந்த வருடம்), அதனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மதிப்பெண் வரிசையில் தேர்வு. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவருக்குக் கிடையாது என்ற நிபந்தனை இருப்பதால், முதல் பட்டதாரி சலுகை வாங்குவதை மறைக்காமல் எங்கள் மாதிரி அலுவலகத்தில் இருக்கும் பொறுப்பாளரிடம் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டுப் போடுங்கள். அது வரும் என்று நம்பிக் கடன் தொகையைக் குறைக்க வேண்டாம்.

---

தறிவீட்டுப்பையன் | 9 செப்டம்பர் 2025, இரவு 9.30

சாங்ஷன் ஆயிருச்சுங்க! 3,20,000. முதல் வருஷப் பணம் நேரா காலேஜுக்கே போயிருச்சு.

ஐயா சொன்ன மாதிரி எழுதி, முத்திரை வாங்கினேன். "எழுத்துலயா?"ன்னு மேனேஜர் கேட்டப்போ கை நடுங்குச்சு. நாலாம் நாள் மண்டல ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. பாக்கி கட்டின கடிதத்தைக் கேட்டாங்க, குடுத்தேன். குறைதீர்ப்பாளர் வரைக்கும் போக வேண்டியதில்லாமப் போச்சு. 11,400க்கு என் ஓவர்டைம் காசு சரியாப் போச்சு.

இப்ப அதே மேனேஜர்தான் வருமானச் சான்றை வாங்கி வட்டி மானியத்துக்குப் பதிஞ்சு குடுத்தாரு. நல்லாத்தான் பேசினாரு.

---

2016பேட்ச் | 9 செப்டம்பர் 2025, இரவு 9.41

தம்பி, ரெண்டு தடவை படிச்சேன். தங்கச்சிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க.

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | 10 செப்டம்பர் 2025, காலை 5.45

மகிழ்ச்சி. சாங்ஷன் கடிதத்தை நகலெடுத்து வீட்டில் ஒன்று, உங்கள் போனில் ஒன்று வையுங்கள். அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு பாஸ்புக்கில் வரவு போட்டு, வட்டி மானியம் வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லையென்றால் உடனே போய்க் கேளுங்கள், இரண்டாம் வருடம் வரை விடாதீர்கள். இரண்டாம் வருடப் பணத்துக்கு முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் கட்டண ரசீதும் கேட்பார்கள்.

---

தறிவீட்டுப்பையன் | 10 செப்டம்பர் 2025, காலை 6.10

சரிங்கய்யா. அம்மா ரசீது மடிச்சு வெக்கிற டப்பாவுலயே சாங்ஷன் கடிதத்தையும் வெச்சுட்டாங்க. ஏப்ரல்ல பாஸ்புக்கோட வர்றேன்.